மஞ்சள் நீர் குடித்த பிள்ளை

பொன்மலைப்பட்டியில் ரயில்வே பட்டறை ஆட்கள் குடியிருந்த ஓட்டு வீட்டு வரிசையில் வேலம்மாளைத் தெரியாதவர்கள் கிடையாது. எந்த வீட்டில் பிரசவ வலி கண்டாலும் வெந்நீர் போட முதலில் கூப்பிடும் ஆள் அவள்தான். அவளுக்கு வாய்த்ததோ ஒரே பிரசவம், ஒரே பிள்ளை. அந்த ஒன்றையும் ஒரு காலேஜ் விண்ணப்பத்துக்காகத் தாரை வார்த்துக் கொடுத்தாள் என்றால் இப்போது யாரும் நம்பமாட்டார்கள். கொடுத்தாள். 1935ஆம் வருஷம், ஆனி மாதம்.

அவள் புருஷன் மருதைக்குத் துறையூர்ப் பக்கத்து மானாவாரிக் காடு. பங்காளி மூக்கனோடு வரப்புத் தகராறில் கைகலப்பாகி, ‘உன் மூஞ்சியில் இனி முழிக்கமாட்டேன்’ என்று வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வந்தவன், பட்டறையில் பாய்லருக்கு ஆணி அடிக்கும் வேலையில் சேர்ந்தான். இரும்போடு இரும்பாக நாள் முழுக்கக் கிடந்ததில் காது பாதி போய்விட்டது. அதனால் வீட்டில் ரகசியம் பேசினாலும் எட்டு வீட்டுக்குக் கேட்கும். தன் மகன் வீரமலை இன்ஜினீயர் ஆகி, இதே பட்டறைக்குத் தொப்பி போட்டுக்கொண்டு வரப்போகிறான் என்பதையும் அவன் அப்படித்தான் வரிசை முழுக்கச் சொல்லி வைத்திருந்தான்.

பையன் சூட்டிகைதான். இன்டர்மீடியட்டில் கணக்கில் முதல் வகுப்பு. சென்னை ராஜதானி முழுவதுக்கும் சேர்த்து அப்போது இன்ஜினீயர் படிப்புக்குப் பேர் சொல்ல இருந்தது கிண்டி. அங்கே இருந்த இடமோ கைவிரலில் அடங்கும். எழுதிப் போட்டார்கள். இடமில்லை என்று அட்டை வந்தது.

பட்டறை ஆபீஸ் குமாஸ்தா பாக்கியநாதன் அடுத்த வீட்டுக்காரர். வரிசைக்கே கடிதம் எழுதிக் கொடுப்பவரும் படித்துக் காட்டுபவரும் அவர்தான். அவர் நிதானமாகச் சொன்னார். “ஒரு வருஷம் பொறுங்க மருதை. இங்கேயே திருச்சியில பி.ஏ.வுக்குச் சேரட்டும். அடுத்த வருஷம் கிண்டிக்கு மறுபடி போடுவோம். எங்க அண்ணன் மகன் இன்னாசிராஜும் அப்படித்தான் காத்துக்கிட்டிருக்கான்.”

வீரமலையும் அதையே சொன்னான். “ஒரு வருஷந்தானேப்பா.”

மருதைக்கு ஒரு வருஷம் பெரிதாக இருந்தது. வாய் விட்டுச் சொன்னவனுக்குக் காத்திருப்பது கஷ்டம். பட்டறை வாசலில் தினம் நாலு பேர், “என்ன மருதை, தொப்பி வாங்கியாச்சா?” என்று கேட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து அவன் அண்ணன் ஆண்டியிடமிருந்து கடிதம் வந்தது. ஆண்டி கல் உடைக்கப் பெங்களூர் போய், கல் கான்ட்ராக்ட் எடுக்கும் அளவுக்கு வந்துவிட்டவர். குடியிருந்தது வெள்ளைக்காரர் கையில் இருந்த கன்டோன்மென்ட்டில் இல்லை, பேட்டைப் பக்கம், மகாராஜாவின் எல்லைக்குள். மைசூர் சமஸ்தானத்துக் காலேஜில் இன்ஜினீயர் படிப்பு உண்டு. ஆனால் சமஸ்தானத்துக் குடிகளின் பிள்ளைகளுக்குத்தான் முதலில் இடம். வெளிச்சீமைப் பிள்ளைகள் மிச்சம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம். ஆண்டிக்குப் பிள்ளை இல்லை. ‘வீரமலையை எனக்குச் சுவீகாரம் கொடுத்துவிடு. இந்த வருஷமே சேர்த்துவிடுகிறேன்’ என்று எழுதியிருந்தார்.

“ஒத்தப் புள்ளைங்க,” என்றாள் வேலம்மாள். “ஒத்தப் புள்ளைய யாராச்சும் சுவீகாரம் குடுப்பாங்களா? நாளைக்கு நமக்குக் கொள்ளி வைக்க யாரு?”

“காகிதந்தான் புள்ள!” என்று மருதை கத்தினான். “காலேஜுக்காரன் காகிதம் கேக்குறான், நாம காகிதம் குடுக்குறோம். நான் செத்துக் கிடக்கறப்ப எவன் வந்து காகிதம் பாக்கப் போறான்?”

எட்டு வீட்டுக்கும் கேட்டது. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று எட்டு வீட்டில் ஒருவராவது வந்து சொல்லியிருக்கலாம். ஒருவரும் சொல்லவில்லை. ஊரான் வீட்டுப் பிள்ளை இன்ஜினீயர் ஆவதைத் தடுத்த பாவம் நமக்கெதற்கு என்று இருந்துவிட்டார்கள்.

பாக்கியநாதன்தான் விண்ணப்பத்தை எழுதினார். தகப்பனார் பெயர் என்ற இடம் வந்ததும் பேனாவை நிறுத்தி மருதையைப் பார்த்தார். “ஆண்டின்னு போடுங்க,” என்றான் மருதை. பையனுடைய இனிஷியலும் அதோடு மாறியது.

காகிதம் மட்டும் போதும் என்றுதான் இவர்கள் நினைத்திருந்தார்கள். ஆண்டியின் பெண்சாதி தைலம்மா அப்படி நினைக்கவில்லை. கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் வெறும் மடியோடு இருந்தவள். ஊர் முறைப்படி நாலு பேர் பார்க்கக் கொடுத்தால்தான் வாங்கிக்கொள்வேன் என்றாள். ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறையில் வைத்துக்கொண்டார்கள். பங்காளிகளுக்கெல்லாம் சொல்லி அனுப்பியதில் மூக்கனும் வந்து தள்ளி நின்றான். காவிரியில் புதுத்தண்ணீர் இன்னும் வரவில்லை. மணலுக்கு நடுவே ஓடிய தண்ணீரை வேலம்மாள் சொம்பில் மொண்டு வந்தாள். மருதை நீட்டிய கையின் மேல் அவள் தண்ணீர் விட, அது வழிந்து ஆண்டியின் கையில் விழுந்தது. “குடுத்தோம்,” என்று இருவரும் சொல்ல வேண்டும். மருதை கத்திச் சொன்னான். வேலம்மாள் சொன்னது அவளுக்கே கேட்கவில்லை.

பிறகு தைலம்மா மஞ்சள் கரைத்த தண்ணீரை டம்ளரில் எடுத்து வந்தாள். சுவீகாரப் பிள்ளை புதுத் தாயின் கையால் மஞ்சள் நீர் குடிக்க வேண்டும். அதைக் குடித்தால் பெற்ற குடும்பத்தோடு உறவு முடிந்தது என்று அர்த்தம். கைக்குழந்தைக்குச் சங்கில் புகட்டுகிற வழக்கம் அது. மீசை முளைத்த பத்தொன்பது வயதுப் பையன் மண்டியிட்டு வாயைத் திறந்தபோது படித்துறையில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். வீரமலையும் வெட்கத்தோடு சிரித்தான். தைலம்மா சிரிக்கவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. வேலம்மாளுக்கு அவளை வையத்தான் ஆசை. அந்தக் கண்ணைப் பார்த்த பிறகு வாய் வரவில்லை.

ஜங்ஷனில் ரயில் ஏறும்போது தைலம்மா பையனிடம் சொன்னாள். “இனிமே இவங்கள சித்தப்பா, சித்தின்னு கூப்பிட்டுப் பழகிக்க சாமி. அங்க யாரு காதுலயாவது விழுந்தா இடம் போயிடும்.”

முதல் கடிதம் வந்தது. பாக்கியநாதன் பிரித்துப் பார்த்து, கொஞ்சம் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,” என்று தொடங்கிப் படித்தார். வேலம்மாள் கடிதத்தை வாங்கி அரிசிப் பானைக்குள் வைத்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த மருதை அன்று ராத்திரி அதை எடுத்து விளக்கடியில் பார்த்துவிட்டு, சாப்பிடாமல் படுத்தான். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் இன்னாசிராஜுக்குக் கிண்டியில் இடம் கிடைத்தது. வீரமலையைவிட மார்க்கு குறைந்த பையன். கிறிஸ்துமஸ் லீவில் பாக்கியநாதன் வீட்டுக்கு வந்து, வரிசை வழியாக அப்பனோடு சைக்கிளில் போனான். அந்த லீவு முழுக்க மருதை சந்துக் கதவு வழியாகவே வேலைக்குப் போய் வந்தான்.

வீரமலை வருஷத்துக்கு ஒருமுறை வந்தான், பெரியப்பாவோ பெரியம்மாவோ கூட வர. ‘அம்மா’ என்று ஆரம்பித்து, பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து நிறுத்திக்கொள்வான். கடைசியில் எந்த முறையும் வைக்காமல், “வரேன், சாப்பிட்டேன்” என்று மொட்டையாகப் பேசப் பழகிவிட்டான். அவன் மேல் தப்பில்லை. நீங்களும் நானும் இருந்தால் அதைத்தான் செய்திருப்போம்.

கடைசி வருஷப் படிப்பு நடக்கும்போது மருதைக்குக் காய்ச்சல் கண்டது. நாலாம் நாள் விடிகாலையில் செத்துப்போனான். தந்தி அடித்து, பிணத்தை ஒரு நாள் வைத்திருந்தார்கள். மறுநாள் காலை மூவரும் வந்து இறங்கினார்கள். வீரமலை வாசலிலிருந்தே “அப்பா” என்று அலறிக்கொண்டு ஓடிவந்து விழுந்தான். நாலு வருஷம் அடக்கி வைத்திருந்த வார்த்தை அது. அப்போது அவனை யாரும் தடுக்கவில்லை.

தடுத்தது கொள்ளிச் சட்டி எடுக்கும் நேரத்தில். அவன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு முன்னால் வந்தான். துறையூரிலிருந்து வந்திருந்த மூக்கன் கையை நீட்டி மறித்தான்.

“மஞ்சத்தண்ணி குடிச்சவன் நீ. உனக்கு அப்பன் ஆண்டி. அப்பன் உசிரோட நிக்கறப்ப நீ கொள்ளிச் சட்டிய தொடலாமா? எங்கண்ணால பாத்தேன் நான், அம்மா மண்டபத்துல.”

“எங்க அப்பாவுக்கு நான்தான் வைப்பேன்,” என்றான் வீரமலை.

தம்பிக்கு அண்ணன் கொள்ளி வைக்கும் வழக்கம் இல்லை; அடுத்த முறை பங்காளி மூக்கனுக்குத்தான். ஆண்டி தலையைக் குனிந்துகொண்டார். தைலம்மா வேலம்மாளின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் காதோடு சொன்னாள். “கொள்ளி வைக்கறவன் மொட்டை போட்டாகணும். மொட்டைத் தலையோட காலேஜுக்குப் போனா, யாரு செத்தான்னு கேப்பாங்க. அப்பான்னு இவன் வாயில வந்துடும். அந்தப் பக்கத்துப் புள்ளைங்களுக்கு ஏற்கெனவே இவன் மேல கண்ணு. சுவீகாரமே இடத்துக்காகப் போட்ட நாடகம்னு எழுதிப் போட்டுடுவாங்க. இன்னும் அஞ்சு மாசத்துல பரீட்சை. நீ சொன்னா அவன் கேப்பான். நீயே சொல்லு.”

அப்படி நடக்குமா நடக்காதா என்று வேலம்மாளுக்கு எப்படித் தெரியும்? காலேஜ் என்றால் என்னவென்று அவள் கண்டதில்லை. கண்டதெல்லாம் அதற்காகக் கொடுத்தது. கொள்ளி வைத்தால் நாலு வருஷமும் வீண். மருதை வாய் விட்டதும், சந்துக் கதவு வழியாகப் போனதும் எல்லாம் வீண். வைக்காவிட்டால் பிள்ளை பெற்றும் மலடனாக மருதை போக வேண்டும். அதுவும் யார் கையால்? எவன் முகத்தில் முழிக்கமாட்டேன் என்று ஊரை விட்டு வந்தானோ அவன் கையால். பந்தலில் இருந்த அத்தனை பேரும் அவள் வாயையே பார்த்தார்கள். மகனும் பார்த்தான். அவன் கண் கெஞ்சியது.

“மூக்கனே வைக்கட்டும்,” என்றாள்.

வீரமலை கழற்றிப் போட்ட சட்டையை எடுக்காமல் நின்றான். பாக்கியநாதன்தான் எடுத்து அவன் தோளில் போட்டார். ஓயாமரிச் சுடுகாட்டில் மூக்கன் மீசை எடுத்து, தலை வழித்து, சட்டியை உடைத்துக் கொள்ளி வைத்தான். இன்ஜினீயர் ஆகப்போகிறவன் வேடிக்கை பார்க்க வந்தவனைப் போலக் கூட்டத்தோடு நின்றான். ஆகாமலும் போகவில்லை. பரீட்சையில் தேறினான், சமஸ்தானத்திலேயே வேலையும் கிடைத்தது. பொன்மலைப் பட்டறைக்கு மட்டும் தொப்பி போட்டுக்கொண்டு அவன் வரவே இல்லை.

பதினாறாம் நாள் கழிந்து பாக்கியநாதன் ஒரு அச்சடித்த பாரத்தோடு வந்தார். பட்டறையில் செத்தவனுக்குச் சேர வேண்டியதை வாரிசுக்குக் கொடுக்க, ஆபீஸ் கேட்கும் விவரம். பெயர், ஊர், பெண்சாதி எல்லாம் எழுதி முடித்தார். அடுத்த இடத்தில் பேனா நின்றது.

“என்னங்க தம்பி?”

“ஒண்ணுமில்லக்கா. ரேகை வைங்க போதும். மிச்சத்த நான் ஆபீஸ்ல பாத்துக்கறேன்.”

“புள்ள இருக்கான்னு கேட்டிருக்கா?”

ஆமாம் என்று தலையாட்டினார்.

“இல்லைன்னு எழுதுங்க.”

எழுதினார். பாரம் எழுதினால் எழுதியதை வாசித்துக் காட்டிவிட்டுத்தான் ரேகை வாங்க வேண்டும் என்பது விதி. அவர் பெயரைப் படித்தார், ஊரைப் படித்தார், அந்த வரி வந்ததும் தாண்டி அடுத்த வரிக்குப் போனார்.

“தம்பி,” என்றாள் வேலம்மாள். “அவன் எழுதுன மொதக் கடுதாசியில சித்தப்பா, சித்தின்னு இருந்தத நீங்க அப்பா, அம்மான்னு மாத்திப் படிச்சீங்க. அவரு சாப்பிடாமப் படுத்தப்பவே எனக்குத் தெரியும். அன்னைக்கு மாத்துனது போதும். எழுதியிருக்கறத அப்படியே படிங்க.”

“மகன் இல்லை,” என்று பாக்கியநாதன் படித்தார்.

அவள் மையில் கட்டைவிரலைத் தோய்த்து, அவர் காட்டிய இடத்தில் அழுத்தினாள்.