வாய் மூடி நடந்த முப்பது நாட்கள்

காலையில் பெருமாளைச் சேவித்து எழுந்தபோது, தொப்புளுக்குச் சற்று மேலே எலுமிச்சம்பழம் அளவு ஒரு புடைப்பு தெரிந்தது. விரலால் அழுத்தினேன், உள்ளே போய்விட்டது. நாட்குறிப்பில் எழுதினேன்: "வலி இல்லை. இருமினால் திரும்ப வருகிறது." அப்போது எனக்கு வயது நாற்பத்தேழு. நில அளவைக் கச்சேரியில் (அரசு அலுவலகத்தில்) வரைபடங்களைச் சரிபார்ப்பது என் வேலை.

திருச்சி ஆஸ்பத்திரியில் டாக்டர் படுக்க வைத்துப் பார்த்தார். குடலிறக்கம் (வயிற்றுச் சுவரில் விழுந்த இடைவெளி வழியே குடல் வெளியே தள்ளுவது) என்றார். அறுத்துத் தைக்க வேண்டும். ஆனால் உடனே முடியாது.

"வயித்துல இவ்வளவு கொழுப்பு. நாலு படி ஏறினா மூச்சு வாங்குது. இந்த நிலைமையில குளோரோபாரம் குடுத்தா எழுந்திருப்பீங்கன்னு என்னால சொல்ல முடியாதுங்க. இடுப்பு நாலு அங்குலம் குறையட்டும். தினம் ஒரு மணி நேரம் நடங்க. பேசிக்கிட்டே நடக்கிற வேகம் போதும்."

குளோரோபாரம் என்றால் முகர வைத்து மயக்கும் மருந்து. புறப்படும்போது அவர் இன்னொன்றும் சொன்னார்.

"புடைப்பு உள்ள போகாம கல்லு மாதிரி நின்னுட்டா அந்த நிமிஷமே வந்துடணும். குடல் நெரிஞ்சா உயிருக்கு ஆபத்து."

இந்தக் கடைசி எச்சரிக்கையை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்தேன். வேகத்தைப் பற்றிச் சொன்னதை அங்கேயே விட்டுவிட்டேன்.

ஸ்ரீரங்கத்தில் கோயிலைச் சூழ்ந்த உத்திர வீதியைச் சுற்றுவது எனக்குப் புதிதல்ல. பாசுரம் சொல்லிக்கொண்டே பிரதட்சிணம் செய்வது பழக்கம். முதல் நாள் ஒரு சுற்றுக்கு இருபத்து நான்கு நிமிடம் ஆயிற்று. மூன்று சுற்று நடந்தேன். பிறகு யோசித்தேன்: நடந்தால் கொழுப்பு கரையுமென்றால், விரைந்தால் இன்னும் சீக்கிரம் கரையும் அல்லவா? குடல் எப்போது நெரியும் என்று தெரியாதவனுக்குக் காத்திருக்க ஏது நேரம்?

இருபத்து நான்கு, இருபத்திரண்டு, பத்தொன்பது. இரண்டாம் வாரத்தில் பாசுரத்தை நிறுத்தினேன். அது மூச்சைப் பிடித்தது. பதினேழு நிமிடம் வந்த அன்று நாட்குறிப்பில் அந்த எண்ணின் கீழே கோடிட்டேன். ஆனால் ஒரு சுற்றுக்கு மேல் கால் எழவில்லை.

என் மனைவி கோதை வாசலில் கோலம் போட்டுக்கொண்டே கேட்டாள்: "ஏன்னா, பெருமாளைப் பிரதட்சிணம் பண்றேளா, ரயிலைப் பிடிக்க ஓடறேளா? வாயே அசையலையே!"

"வாயைத் திறந்தா ரெண்டு நிமிஷம் போயிடறது."

"அந்த ரெண்டு நிமிஷத்தை வச்சுண்டு என்ன பண்ணப் போறேள்? வந்ததும் வராததுமா சாதம் சாதம்னு பறக்கறேள். அப்புறம் மத்தியானம் வரைக்கும் படுக்கை."

பதில் சொல்ல மூச்சு இல்லை. அவள் சொன்னது உண்மை. மாத முடிவில் நாடாவால் அளந்தேன். இடுப்பு குறைந்தது கால் அங்குலம்.

முப்பதாம் நாள், வடக்கு உத்திர வீதி முனையில் இருமல் வந்தது. புடைப்பு வெளியே வந்தது. அழுத்தினேன். போகவில்லை. மறுபடி அழுத்தினேன். கல்.

ஜட்கா குதிரைவண்டி காவிரிப் பாலத்தைக் கடந்தபோது கோதை என் கையை விடவில்லை. ஒவ்வொரு குலுக்கலிலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் கால்மாட்டை உயர்த்திப் படுக்க வைத்தார். பிறகு இரு உள்ளங்கைகளால், மாவு பிசைவதைவிட மெதுவாக, அழுத்தத் தொடங்கினார்.

"மூச்சை அடக்காதீங்க. வயித்தைத் தளர்த்துங்க."

அடுத்த அறையில் கத்திகளைக் கொதிக்க வைக்கச் சொல்லியிருந்தார். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. உள்ளே போகாவிட்டால் அன்றே அறுவை. குளோரோபாரத்தில் நான் எழுவது நிச்சயமில்லை. சுவர்க் கடிகாரத்தில் முள் பதினோரு நிமிடம் நகர்ந்தது. பிறகு உள்ளே ஏதோ நழுவியது. வலி நின்றது. கோதை தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் டாக்டர் என் நாட்குறிப்பை வாங்கிப் புரட்டினார்.

"நிமிஷம் எழுதியிருக்கீங்க. மூச்சை எங்க எழுதியிருக்கீங்க?"

நான் கோடிட்ட பதினேழைக் காட்டினேன்.

"மூச்சு முட்ட ஓடுறப்ப உடம்பு சீக்கிரம் தீப்பிடிக்கிற சர்க்கரையைத்தான் அதிகமா எடுக்கும், வைக்கோல் மாதிரி. நிதானமா நடந்தா கொழுப்போட பங்கு கூடும். அது விறகு. நின்னு எரியும். வேகமாப் போனா கொழுப்பே கரையாதுன்னு சொல்லலை. உங்களால அதைப் பதினேழு நிமிஷத்துக்கு மேல தாங்க முடியலை. மெதுவாப் போனா ஒரு மணி நேரம் எரியும்ல?"

"பேசிண்டே நடன்னு சொன்னேளே, அதையே இவர் கேக்கலை," என்றாள் கோதை.

"பேச வேணாம்மா. பாசுரம் சொல்லட்டும். பாசுர அடி மூச்சில்லாம நடுவுல அறுந்தா வேகம் அதிகம்னு அர்த்தம்."

வயிற்றில் பட்டை கட்டிக்கொண்டு மறுபடி தொடங்கினேன். நாட்குறிப்பில் நிமிடக் கட்டத்தை அடித்து, "எங்கே அறுந்தது" என்று எழுதினேன். முதல் நாள் ஏழு இடம். இருமல் வரும்போதெல்லாம் கை வயிற்றுக்குப் போனது. மூன்றாம் வாரம் ஓர் இடம்கூட இல்லை. மூன்று சுற்றும் நடக்க முடிந்தது. இடுப்பு மாதம் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக இறங்கியது. நான்கு அங்குலம் தொட மூன்றரை மாதம் ஆயிற்று. ஒவ்வொரு நாளும் அந்தக் கல் திரும்பி வரலாம் என்ற பயத்துடனேதான் நடந்தேன். இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: பயம் உங்களை வேகப்படுத்தும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

அறுவை மேஜையில் எண்களை எண்ணச் சொன்னார்கள். நான் பாசுரம் சொன்னேன். எந்த அடியில் நின்றது என்று தெரியவில்லை. என் நாட்குறிப்பில் காலியாக இருக்கும் ஒரே இடம் அது.

தையல் ஆறிய பிறகு கோதையும் என்னுடன் நடக்க வந்தாள். வடக்கு வீதி முனை நெருங்கியதும் என் கை தானாக வயிற்றுக்குப் போனது. அங்கே இப்போது கயிறு போல் ஒரு தழும்பு.

"இன்னைக்கு எத்தனை நிமிஷம்?" என்றாள்.

"கடிகாரத்தை ஆத்து அலமாரியிலேயே வச்சுட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன்: முனை பின்னால் போயிருந்தது. நான் நிற்காமலே பதில் சொல்லியிருந்தேன்.