ஆணி இருந்தது, காற்று இல்லை

என் அக்காவின் கணவர் டோர்லைஃப் தபால் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். பனிக்காற்று எழுந்தால் எங்கள் மலைச்சாலையில் தடுப்புக் கம்பம் இறங்கிவிடும். பனி தள்ளும் வண்டி வந்துதான் கார்களை வரிசையாக மேலே கூட்டிப்போகும். அது வரும்வரை மற்றவர்கள் காருக்குள் காப்பி குடிப்பார்கள். இவர் மட்டும் இறங்கி, ஒவ்வொரு காரின் டயரையும் உதைத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்.

அன்று மலைக்கு அந்தப் பக்கத்துத் தேவாலயத்தில் அவர் மகள் இங்வில்டுக்குக் கல்யாணம். அக்கா முன்னாலேயே போய்விட்டாள். மணப்பெண்ணைக் கைபிடித்து அழைத்துச் செல்ல வேண்டியவர் இவர். அன்றைக்கு அதுவே கடைசி வரிசை என்றார்கள். நான் மடியில் பாதாம் கேக்குடன் காரில் இருந்தேன்.

எங்களுக்குப் பின்னால் தெற்கிலிருந்து வந்த ஒரு பெண். பனிக்கட்டியைக் கவ்விப் பிடிக்க எங்கள் டயர்களில் பதித்திருந்த இரும்பு ஆணிகள் அவள் டயரில் இல்லை. டோர்லைஃப் அதை உதைத்துப் பார்த்தார்.

"இதுல மலையேறப் போறியாம்மா? சறுக்கு வண்டி வாங்கியிருக்கலாமே!"

"இதுவும் பனிக்கான டயர்தாங்க. காலையில காத்துகூடப் பாத்துட்டேன்."

"ஆணியே இல்லையாம், காத்து ஒரு கேடு!"

பக்கத்துக் கார்களில் சிரித்தார்கள். அவள் முகம் சிவந்தது.

மேலே, காற்று வழித்துப் பளபளப்பாக்கிய வளைவில் எங்கள் கார் பிடிப்பில்லாமல் ஆடியது. அதன் மூக்கு சாலையோரப் பனிச்சுவருக்குள் புகுந்தது. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். வரிசையின் கடைசியில் வரும் காவல் வண்டிக்காரர் வந்து குனிந்து பார்த்தார். நான்கு டயர்களும் அடியில் பிதுங்கிக் கிடந்தன.

"காத்த யாரு இறக்குனது?"

"நான்தான். நேத்து காட்டுக் குடிலுக்குப் போனேன். அங்க பனி மெத்துன்னு கெடந்துச்சு, காத்தக் கொறச்சாத்தான் டயர் புதையாது."

"அங்க இறக்குனது சரி. திரும்பி வந்து ஏத்தலியா?"

டோர்லைஃப் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டார். காலையில் வரும் வழியில் பெட்ரோல் நிலையத்தில் காற்றுக் குழாய்க்குப் பக்கத்தில்தான் நின்றோம். அப்போதும் யாருடைய டயரையோ பழித்துக்கொண்டிருந்தார்.

"கார் இங்கயே கெடக்கட்டும். எடம் இருக்கற வண்டியில ஏறுங்க."

இவர் மகளுக்கு இன்று கல்யாணம் என்று ஒவ்வொரு காரிலும் சொல்லிக் கேட்டேன்; இடம் இருந்தது அந்தப் பெண்ணின் காரில்தான்.

"நீ போ. காவல் வண்டி கீழ திரும்பறப்ப நான் அதுல வீட்டுக்குப் போயிக்கறேன்," என்று அவர் என்னிடம் முணுமுணுத்தார்.

அந்தப் பெண் பின் இருக்கையிலிருந்த பனிச்சறுக்குக் கட்டைகளை ஒதுக்கினாள். "பொண்ணு காத்துக்கிட்டிருப்பா. ஏறுங்க." திட்டியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கார் எந்த வளைவிலும் வழுக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

தேவாலய வாசலில் இங்வில்டு ஓடி வந்தாள். "அப்பா! நம்ம கார் எங்க? இது யாரு வண்டி?" குனிந்து டயரைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "ஆணி இல்லாத வண்டியிலயா வந்தீங்க?"

"ஆமா," என்றார். காது மடல்வரை சிவந்திருந்தது. "அதுல காத்து இருந்துச்சு."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே உள்ளே நடந்தார்.