தலைவரின் ஞாபகசக்தி

எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளின் கூரைக்கு வந்த தகரங்களை விற்றுத் தின்றதற்காகத் தொழிற்சங்கத் தலைவரின் செயலாளருக்குப் பதுளை நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. தலைவர் மேல் அப்பா வைத்த நம்பிக்கை மட்டும் அசையவில்லை. "தலைவருக்கு ஒன்னும் தெரியாதுங்க, பாவம். கூட இருந்தவன் கெடுத்துட்டான்" என்று மடுல்சீமை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். நானும் அதை நம்பத்தான் விரும்பினேன்.

அந்த மாதமே தோட்டத்துக் கோயில் திருவிழா வந்தது. வழக்கம்போலத் தலைவருக்குத்தான் முதல் பரிவட்டம். தலையில் கட்டிய பட்டோடு நேராக அப்பாவிடம் வந்து, "முழங்கால் வலி எப்படிங்க? வெலிமடையில கட்டிக் குடுத்த மக நல்லா இருக்காளா?" என்று கேட்டார். போன திருவிழாவில் அப்பா போகிறபோக்கில் சொன்னவை அவை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஒழுகும் கூரைக்குக் கீழே வாளியை நகர்த்தி வைத்தார்.

"எம் முழங்கால் வலி தெரிஞ்ச மனுசனுக்கு, பக்கத்துல இருந்தவனத் தெரியாதாடா?"