ஏழாவது மூடி

ஏரிக்கரையில் எழுபது வீடுகள். எழுபதுக்கும் ஒரே கிணறு, ஒரே மோட்டார், ஒரே ஆள். அந்த ஆளைச் சாவியக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். முழ நீளத்தில் ஓர் இரும்புச் சாவி எப்போதும் அவர் கையில் இருக்கும். சாலையில் பதித்த மூடியைத் தூக்கி, முழங்கால் போட்டு உட்கார்ந்து, உள்ளே இருக்கும் வால்வைத் திருப்புவார். முதலில் கீழ்த்தெரு, பிறகு கரை, கடைசியாக மேல்தெரு.

திருப்பும்போது சுற்றுகளை எண்ணுவார். கீழ்த்தெருவுக்குப் பதினொன்று, மேல்தெருவுக்குப் பதினாறு. ஒன்று குறைந்தால் ஒரு வீட்டில் குழாய் இருமும். ஒன்று கூடினால் இன்னொரு வீட்டில் தொட்டி வழியும். எண்ணும்போது யார் வணக்கம் சொன்னாலும் பதில் வராது. புதிதாகக் குடிவந்தவர்கள் முதலில் கோபித்துக்கொள்வார்கள். பிறகு அவர்களும் அந்த உதடுகள் அசைவதைப் பார்த்து, நிற்கும்வரை காத்திருக்கப் பழகிவிடுவார்கள்.

முன்பிருந்த ஆபரேட்டர் வேலையை விட்டுப் போனபோது, "மூணு மாசம் பாத்துக்கம்மா, ஆள் கிடைக்கட்டும்" என்று சொல்லிக் கொடுத்த சாவி. பத்தொன்பது வருடமாக அந்த ஆள் கிடைக்கவில்லை. போன மாதம் வரை ஒரு வீடும் ஒரு நாளும் தண்ணீர் இல்லாமல் இருந்ததில்லை. அக்கா அதைச் சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் சாவியைத் தோளில் சாய்த்துத் தெருவில் நடக்கும் நடையே அதைச் சொல்லிவிடும்.

அந்த நடைக்குத்தான் இப்போது ஆபத்து. சாவியைக் கணவரிடம் விட்டுவிட்டு, மகளின் பிரசவத்துக்காகப் பத்து நாள் போய்த் திரும்பியதிலிருந்து மேல்தெருவுக்குத் தண்ணீர் ஏறவில்லை. ஒரு மாதம் ஆயிற்று. மோட்டாரைப் பிரித்துப் பார்த்தார். மூடி மூடியாகத் திறந்து பார்த்தார். எங்கும் குறை இல்லை. ஆனாலும் மத்தியானத்துக்குள் மேல்நிலைத் தொட்டி காலி.

மேல்தெருவின் கடைசி வீடு டீச்சரம்மாவுடையது. ஓய்வு பெற்றவர், குடியிருப்புச் சங்கத்துக்குத் தலைவி. வெள்ளிக்கிழமை காலை வாளியோடு இறங்கி வந்தார்.

"ஞாயித்துக்கிழமை கூட்டம் வச்சிருக்கேன்மா. வெளிய ஒரு கம்பெனி, மொத்தத் தண்ணியையும் அவங்களே பாத்துக்கறாங்களாம். லெட்டர் கொடுத்திருக்காங்க."

"அப்ப சாவி?"

"அவங்ககிட்டதான் போகும். உன் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா இந்த வயசுல நான் வாளி தூக்கணுமா, சொல்லு."

 அக்கா வாளியை வாங்கி நிரப்பி, தானே மேடேறி வைத்துவிட்டு வந்தார்.

வீட்டில் ஆறுதல் கிடைக்கும் என்றால் அதுவும் இல்லை. அவர் கணவர்தான் குடியிருப்பின் சாலைகளுக்குப் பொறுப்பு. அக்கா ஊரில் இல்லாத அந்தப் பத்து நாளில்தான் கரைச் சாலையை அகலப்படுத்திப் புதுத் தார் போட்டிருந்தார். அந்தச் சாலையை அவர் பார்க்கிற மாதிரி கல்யாணத்தன்று தன்னைக்கூடப் பார்த்ததில்லை என்று அக்கா சொல்வதுண்டு.

"குழாய் எங்கயோ உடைஞ்சிருக்குங்க. தோண்டிப் பாக்கணும்."

"தோண்டு. வீட்டைத் தோண்டு, வாசலைத் தோண்டு. என் ரோட்டுல ஒரு கீறல் விழக் கூடாது."

"ரோடு என்ன பச்சப் புள்ளையா?"

"ஒரு மாசம்தானே ஆகுது. பச்சப் புள்ளதான்."

மத்தியானம் அக்கா கரைக்கு நடந்தார். கரையைப் பார்த்துக்கொள்பவர் விசில் அண்ணன். முன்னாள் நீச்சல் ஆசிரியர். தினமும் மணலை வாருவார். நீந்தும் எல்லைக்குக் கயிறு கட்டிச் சிவப்பு மிதவைகள் விடுவார். யாராவது மிதவையைத் தாண்டினால் கழுத்தில் தொங்கும் விசில் அலறும்.

"பாத்தியாம்மா என் புல்ல?" என்றார் அவர், பழைய படகுத்துறையின் எஞ்சிய மரக்கட்டைகளுக்கு நடுவே பச்சையாக நின்ற புல்லைக் காட்டி. "ஏரியச் சுத்தி எல்லாம் கருகிக் கிடக்கு, இங்க மட்டும் எப்படி நிக்குது பாரு. எல்லாம் கை ராசி."

அக்கா செருப்பைக் கழற்றினார். வெயிலில் மணல் பொரிந்தது. புல்லுக்குப் பக்கத்தில் மட்டும் பாதம் குளிர்ந்தது. உட்கார்ந்து கையால் தோண்டினார். தண்ணீர் ஊறியது. ஏரித் தண்ணீர் இந்த மாதத்தில் ஆறிய தேநீர் மாதிரி இருக்கும். இது சில்லென்று இருந்தது.

"அண்ணே, இது உங்க கை ராசி இல்ல. என் கிணத்துத் தண்ணி."

எட்டு வருடம் முன்பு படகுத்துறையைப் பிரித்தபோது, அதற்குப் போன குழாயின் வால்வை அக்காவே மூடினார். ஏழாவது மூடி. அதன்பின் அதைத் தொடவே இல்லை. போன மாதம் புறப்படும் அவசரத்தில் கணவரிடம், "மூடி மொத்தம் ஆறு. ஆறு மேலயும் தார் விழாம பாத்துக்குங்க" என்று சொன்னது இப்போது நினைவுக்கு வந்தது. ஆறு! அவரும் சொன்னபடியே செய்திருக்கிறார், ஏழாவது மூடி தாருக்கு அடியில் போய்விட்டது.

"மூடுன வால்வு எப்படித் திறந்துச்சு?"

விசில் அண்ணன் விசிலைப் பல்லில் கடித்தார்.

"நீ ஊர்ல இல்லாதப்ப, ரோடு போடறதுக்கு முந்தின நாள்... சாவி மோட்டார் ரூம்ல தொங்குச்சு. புல்லுக்குத் தண்ணி வருமான்னு லேசாத் திருப்பிப் பாத்தேன். குழாய் முனையில சொட்டுகூட வரல. செத்த குழாய்னு மூடாம விட்டுட்டேன்."

"எத்தனை சுத்து?"

"எண்ணலையே."

"எண்ணலையா!" சாவியை எடுத்ததைக்கூட அக்கா பொறுத்துக்கொண்டார். எண்ணாததைத்தான் பொறுக்க முடியவில்லை.

சனிக்கிழமை காலை சாலையில் கூட்டம் கூடிவிட்டது. கணவர் கடப்பாரையோடு நின்றார்.

"ஒரே ஒரு குழி. ஒரு முழம் அகலம். தப்பாப் போச்சுன்னா ரெண்டாவது குழி கேக்காத. டீச்சரம்மாவும் ஒரு குழிக்குத்தான் ஒத்துக்கிட்டாங்க. எங்கன்னு சொல்லு."

குழாய் சாலையின் இடப்பக்க ஓரமாக நேரே போகிறது, அது தெரியும். அதில் எந்த இடத்தில் மூடி என்பதுதான் தெரியவில்லை. விளக்குக் கம்பத்தடியில் இருந்தது. கம்பத்தையோ அகலப்படுத்தும்போது பிடுங்கி வேறிடத்தில் நட்டுவிட்டார்கள். அக்கா மேலும் கீழும் நடந்தார். எதுவும் எழுதாத கரும்பலகை போல் கிடந்தது சாலை. டீச்சரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நடந்து பார்த்தால் எப்படித் தெரியும்? பதினொரு வருடம் தினமும் அந்த வால்வைத் திருப்பியது முழங்கால் போட்டுத்தானே. அக்கா தாரின்மேல் மண்டியிட்டார். தலை தானாக நிமிர்ந்தது. எதிரே கரையின் இரும்புக் கதவு. அதன் இரண்டு கம்பிகளுக்கு நடுவே, வலக்கம்பியை ஒட்டினாற்போல, தூரத்தில் ஒரு சிவப்பு மிதவை.

"அண்ணே, அந்த மிதவைய வருஷா வருஷம் அதே எடத்துலதான் கட்டறீங்களா?"

"அரை அடி நகர்த்த மாட்டேன். அடியில கல்லு கிடக்கு, அதுலதான் முடிச்சு." விசில் அண்ணனின் நெஞ்சு நிமிர்ந்தது.

அந்தக் காலத்தில் எண்ணிக்கொண்டே நிமிர்ந்தால் மிதவை இரண்டு கம்பிகளுக்கும் நட்டநடுவே தெரியும். அக்கா மண்டியிட்டபடியே நகர்ந்தார். ஒரு சாண். இன்னொரு சாண். மிதவை நடுவில் வந்து நின்றது.

"இங்க."

தன் சாலையை வேறு யாரும் குத்துவதைத் தாங்க மாட்டார் என்பதால் கணவரே கடப்பாரையைப் போட்டார். தார் பெயர்ந்தது. ஜல்லி வந்தது. பிறகு மண். அவர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார்.

"இன்னும்" என்றார் அக்கா.

அடுத்த குத்தில் இரும்பு கணீரென்றது.

கூட்டம் ஆரவாரித்தது. அக்கா எழுந்து டீச்சரம்மாவைப் பார்த்து நின்றார். "மூடி ஆறுன்னு சொன்னது நான். ஏழு இருக்குன்னு எனக்குத் தெரியும். தப்பு என்னோடது."

"திறந்தது நான்" என்றார் விசில் அண்ணன் மெதுவாக.

"தார் ஊத்துனது நான்" என்றார் கணவர், வியர்வையைத் துடைத்தபடி. "மூணு பேரும் சேந்தே நிக்கறோம். யாராவது போட்டோ எடுங்கப்பா."

சிரிப்பு அடங்குமுன் அக்கா சாவியை இறக்கிவிட்டார். உதடுகள் அசையத் தொடங்கியதும் தெரு அமைதியானது. ஒன்பதாவது சுற்றில் வால்வு இறுகி நின்றது. விசில் அண்ணனின் லேசான திருப்பல் ஒன்பது சுற்று!

"மேல போங்கண்ணே. டீச்சரம்மா வீட்டுக் குழாயைத் திறந்து வச்சுக் காத்திருங்க. தண்ணி வந்தா ஊதுங்க."

மோட்டார் ஓடியது. ஒரு மணி நேரம் போனது. அக்கா மோட்டார் அறை வாசலில் சாவியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.  பிறகு மேட்டிலிருந்து விசில் கேட்டது. முதலில் ஒரு நீண்ட ஊதல், அப்புறம் விட்டு விட்டு, நிறுத்தவே மனமில்லாத மாதிரி.

"யாரோ மிதவையத் தாண்டிட்டாங்க போல" என்றார் கணவர். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் டீச்சரம்மா கம்பெனியின் கடிதத்தை வெளியே எடுத்தார். நான்காக மடித்தார். ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அடியில் செருகினார். "அடுத்து என்ன?" என்றார்.

திங்கட்கிழமை காலை, பூசி ஆறிய தாரில் சைக்கிள்கூடத் தட்டாத மட்டத்தில் ஏழாவது மூடி உட்கார்ந்திருந்தது. அதன்மேல் வெள்ளைப் பெயிண்டில் 7. கணவரின் கையெழுத்து. மற்ற ஆறு மூடிகளிலும் எண் எழுதியிருந்தார். அக்கா ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே மேல்தெருவுக்கான மூடிக்கு வந்தார். மண்டியிட்டார்.

"வணக்கம்மா" என்றார் டீச்சரம்மா, கைவீசி இறங்கி வந்தபடி.

பதில் இல்லை. எட்டு, ஒன்பது, பத்து. தலைவி அசையாமல் நின்றார், பதினாறு வரைக்கும்.