கேற்றடியில் வாசித்த பிரகடனம்

பத்தாம் வகுப்புக்கு அமெரிக்கச் சரித்திரம் எடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். எனக்குக் கோபம் வந்தால் புத்தகத்தை மூடிவிடுவேன். அன்றும் மூடினேன்.

"ஆளுக்கொரு சுதந்திரப் பிரகடனம் எழுதுங்கோ. ஆரிட்டயிருந்து விடுதலை, என்ன குறை, இனி என்ன செய்யப் போறியள். எழுதினதை அந்த ஆளின்ர முகத்துக்கு நேர வாசிக்கவும் வேணும்" என்றேன். எழுதிப் பெட்டிக்குள் பூட்டி வைப்பதைப் பிரகடனம் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை.

ஒருத்தி பாகற்காய்க் கறியிலிருந்து விடுதலை கேட்டாள். இன்னொருத்தி சின்னம்மாவின் புத்திமதியிலிருந்து. சல்லி என்கிற கடற்கரைக் கிராமத்திலிருந்து வரும் பிள்ளை மட்டும் தன் தமையனிடமிருந்து விடுதலை கேட்டிருந்தாள். அவள் பெரியபிள்ளையான நாள் முதல் அவன்தான் காலையில் சைக்கிளில் கொண்டுவந்து விட்டு, பின்னேரம் பள்ளிக்கூட வாசல் கேற்றடியில் நின்று கூட்டிப்போவான். தகப்பனின் கட்டளை. தனியே போனால் படிப்பு நிற்கும் என்றும் அவர் சொல்லியிருந்தார். "இனி நான் தனியே வருவேன், தனியே போவேன்" என்று முடித்திருந்தாள்.

அதைப் படித்ததும் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டேன். "நீ வாசிக்க வேண்டாம், பிள்ளை" என்றேன்.

"ஏலாது டீச்சர். முகத்துக்கு நேர எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

மணி அடித்ததும் அவள் பின்னாலேயே ஓடினேன். தமையன் சைக்கிளைப் பிடித்தபடி நின்றான். எல்லாப் பிள்ளைகளும் பார்க்க, குரல் நடுங்க நடுங்க வாசித்தாள். அவன் முகம் இறுகியது. கொப்பியைப் பறித்தான். கிழிக்கப் போகிறான், நாளை இவளுடைய கதிரை வெறுமையாகக் கிடக்கப் போகிறது என்று நினைத்தேன். என் வாயை நானே திட்டிக்கொண்டேன்.

அவன் என்னைப் பார்த்தான். "டீச்சர், ஒரு பேனை தாங்கோ."

கொப்பியைச் சைக்கிள் சீற்றில் வைத்து, அவளுடைய எழுத்துக்குக் கீழே மெதுவாக எழுதினான். நான் எட்டிப் பார்த்தேன். 'நானும் விடுதலை கேட்கிறேன். கரைவலை இழுக்கிற நேரத்தில் தங்கச்சிக்குக் காவல் போகிறேன். வலை இழுக்க நிற்காதவனுக்கு மீனில் பங்கில்லை. இனிப் போக மாட்டேன்.'

"இதை ஆருக்கு வாசிக்கப் போறீர்?" என்று கேட்டேன்.

"அப்பாவுக்கு" என்றான். அவன் குரலும் நடுங்கியது.

இருவரும் சைக்கிளில் போனார்கள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. பாடம் நடத்தச் சொன்னால் ஊர்க் குடும்பத்துக்குள் நெருப்பை வைத்துவிட்டேனே என்று பயந்தேன்.

மறுநாள் கேற்றடியிலேயே நின்றேன். மணியும் அடித்து ஓய்ந்தது. பிறகுதான் அந்தச் சைக்கிள் தெரிந்தது. கால் எட்டாமல் ஆடி ஆடி அவளே மிதித்து வந்தாள். பின்னால் யாரும் இல்லை.

"அண்ணா எங்க?"

"வலை இழுக்கப் போயிட்டார், டீச்சர்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "அப்பாவுக்கு முன்னால நான் என்ரயை வாசிக்கத் தொடங்க அவர் கையை ஓங்கினவர். அண்ணா குறுக்க வந்து நிண்டு, அடி விழ விழ என்ரயையும் தன்ரயையும் முழுக்க வாசிச்சவர். விடிய அப்பாவே சைக்கிளை எடுத்து எனக்கு வாசல்ல வச்சவர். அண்ணாவுக்கு ஒரு பக்கக் காது இன்னும் கேக்குதில்லை."