நூல் கட்டிய ஆண் செடி

பிகுனின் தோட்டத்துக்குள் நுழைய வேண்டுமானால் முதலில் வாயைக் கொப்பளிக்க வேண்டும். புளித்த மீன் தின்ற வாயோடு வந்தால் மோப்பம் கெடும் என்பது அவள் கட்சி. தாய்லாந்தின் இந்தச் சக்கோன் நக்கோனில் புளித்த மீன் தின்னாத வாய் ஏது? கொப்பளித்துவிட்டுத்தான் போவோம்.

அவள் கஞ்சாச் செடியில் பழுத்த மாம்பழ வாசம் வரும். அது தலைமுறை தலைமுறையாகப் பிசகாமல் இறங்க வேண்டும் என்றுதான் விதை பொறுக்குகிறாள். ஆனால் ஒவ்வொரு முறையும் பாதிச் செடிகள் எலுமிச்சையாகவோ மண்ணெண்ணெயாகவோ மணக்கும். அரசு அனுமதியோடு மருந்துத் தைலம் காய்ச்சும் ஊர்க் கூட்டுறவு கறாராகச் சொல்லிவிட்டது: அடுத்த விளைச்சலிலும் வாசம் சிதறினால் வெளிநாட்டு விதைதான்.

பெண் செடியின் வாசத்தைப் பூவே காட்டிக்கொடுக்கும். ஆண் செடியின் தண்டைக் கசக்கித்தான் முகர வேண்டும். அப்படி மாம்பழம் மணந்த ஒன்றை மகரந்தத்துக்காகத் தேர்ந்து, அடையாளத்துக்கு வெள்ளை நூல் கட்டினாள்.

அந்த வாரம் அவள் கொழுந்தன் கம்சிங்கின் மகன் பட்டாளத்துக்குக் கிளம்பினான். உயிர் உடலோடு தங்க மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டும் சடங்கு, பிறகு விருந்து. கஞ்சா இலை போடாமல் எங்கள் பக்கம் கோழிச்சாறு இறக்குவதில்லை.

பிகுன் தோட்டத்துக்குப் போனபோது நூல் கட்டிய செடியில் அடித்தண்டுதான் மிச்சம். நேரே கம்சிங்கிடம் போனாள்.

"நூல் கட்டியிருந்தேனே, கண்ணு அவிஞ்சா போச்சு?"

"நூலைப் பார்த்துதான் அண்ணி வெட்டினேன்! சடங்குக்குன்னு நீங்க எடுத்து வச்சதுன்னு நினைச்சேன். இந்த ஊர்ல வெள்ளை நூல் வேற எதுக்குக் கட்டுவாங்க?"

பிகுன் சாற்றுச் சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"மொட்டு எங்கடா?"

"கசக்கும்னு குப்பையில போட்டேன்."

குப்பையைக் கிளறினாள். கொத்துகள் பாதி வாடியிருந்தன. சொம்புத் தண்ணீரில் செருகி, மூடிய அறையில் வைத்து, கீழே கறுப்புத் தட்டைப் பரப்பினாள். வெட்டிய கிளையும் தண்ணீர் குடித்தால் மொட்டு விரிக்கும். சில நாளில் தட்டில் மஞ்சள் தூள் உதிர்ந்தது. அதைத் தூரிகையால் தொட்டுப் பெண் பூக்களில் தடவினாள்.

அந்த விதைகள் முளைத்துப் பூத்ததும் கூட்டுறவுத் தலைவி வந்தார். அவரும் வாய் கொப்பளித்தார். வரிசை வரிசையாக மாம்பழம். ஓரத்தில் இரண்டு மட்டும் எலுமிச்சை.

"இந்த ரெண்டையும் பிடுங்கிரு. வெளிநாட்டு விதை வேண்டாம்."

"என்னைக் கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே," என்றான் கம்சிங். "சாறே மாம்பழமாத்தான் மணந்துச்சு!"

பிகுன் இப்போது ஆண் செடிக்கு முள்கம்பி சுற்றுகிறாள்.