தூக்கிப் பார்த்து வாங்கிய கீபோர்டு

வாத்தியக் கடைக்குப் போய், வாத்தியத்தை வாசித்துப் பார்க்காமல் தூக்கிப் பார்த்த ஒரே ஆள் என் அம்மாவாகத்தான் இருக்கும். அதுவும் ஒருமுறை இல்லை. தி. நகரில் இருந்த அந்தக் கடையில் ஒவ்வொரு கீபோர்டாகப் பைக்குள் போடச் சொல்லி, தோளில் மாட்டிக்கொண்டு, மாடிப்படி ஏறி இறங்கினாள். வந்தவர் போனவர் எல்லோரும் நின்று பார்த்தார்கள். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. மானம் போவது என்றால் என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அம்மா கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரு மெல்லிசைக் குழுவில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தாள். பழைய ஜப்பான் ஆர்கன். கனமான மரப்பெட்டி, நாலு இரும்புக் கால். இரண்டு ஆண்கள் இல்லாமல் இடத்தை விட்டு அசையாது. மயிலாப்பூரில் எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கச்சேரி என்றால் ஒரு முனையை அப்பா பிடிப்பார், மறுமுனையை மாமா பிடிப்பார். மாமா அம்மாவின் தம்பி, பக்கத்துத் தெருவில் இருந்தார். இருவரும் வியர்த்து வழிந்து அதைக் கீழே இறக்க, அம்மா கைப்பையோடு பின்னால் வருவாள். எனக்கு அப்பவே பற்றிக்கொண்டு வரும்.

அப்பாவுக்கு இடுப்புவலி உண்டு. பாவம், அது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கச்சேரி அன்று காலையில் எழும்போதே, "இடுப்பு புட்ச்சிக்கிச்சு" என்பார். மாமா ஒருவரால் தூக்க முடியுமா? அம்மா குழுத் தலைவருக்குப் போன் போட்டு வர முடியாது என்பாள். மூன்று நான்கு தடவை இப்படி ஆனதும், இன்னொரு தடவை வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறேன் என்று அவர் சொல்லிவிட்டார். அம்மா போனை வைத்துவிட்டு அரிசி களையப் போனாள். எனக்கு அப்பாவின் வலிதான் பெரிதாகத் தெரிந்தது. அவர் இடுப்பில் தைலம் தேய்ப்பது நான்தான்.

ஒருநாள் படியில் இறக்கும்போது ஆர்கன் சுவரில் இடித்துக்கொண்டது. பாதிக் கட்டைகள் ஊமையாகிவிட்டன. சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து ரிப்பேர்க்கார பாய் வந்து, திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"உள்ள எல்லாம் நொந்து போய் கீதும்மா. ஊட்டோட வெச்சி வாசிச்சா ஓடும். தூக்கிக்கினு அலைஞ்சா நான் பொறுப்பில்ல."

"அதான் பாய் நானும் சொல்றேன். ஊட்லயே வாசிக்கட்டும், யார் வேணாம்னாங்க?" என்றார் அப்பா.

அம்மா பாய்க்கு டீ கொடுத்தாள். மறுநாளே, கையில் தூக்கிப் போகிற மாதிரி ஒன்று வாங்கப் போகிறேன் என்றாள். அப்பா ஆர்கனை ஒரு தடவை தட்டிப் பார்த்தார். பிறகு, "சரி, நானும் வரேன், உன்ன ஏமாத்தித் தலைல கட்டிருவானுங்க" என்று கூடவே கிளம்பினார். எவ்வளவு பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன்.

கடையில் அப்பா நேராக எண்பத்தெட்டு கட்டை உள்ள பெரிய கீபோர்டின் முன் போய் நின்றார். விற்பனைக்கார அண்ணன் வாசித்துக் காட்டினார். என்ன ஒரு நாதம், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"இதையே எடுத்துக்கோ. கனமா இருந்தா என்ன, நானும் மச்சானும் தூக்கிக்கினு வர மாட்டோமா?" என்றார் அப்பா.

அம்மா அதைத் தோளில் மாட்டி நாலு படி ஏறினாள், திரும்பி வந்து இறக்கிவிட்டாள். அடுத்தது. அதற்கடுத்தது. கடைசியில் அறுபத்தோரு கட்டை மட்டும் உள்ள, பிளாஸ்டிக் பொம்மை மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு, இன்னொரு கையில் மடக்கும் ஸ்டாண்டையும் பிடித்துக்கொண்டு, மேலே போய்க் கீழே வந்தாள். அவளுக்கு மூச்சு வாங்கவில்லை.

"மேடம், வாசிச்சுப் பாக்கலையா?" என்று பரிதாபமாகக் கேட்டார் அந்த அண்ணன்.

"வாசிக்கிறது நான் பாத்துக்கறேன் தம்பி. இதையே போட்டுடுங்க."

வீடு வரும்வரை நான் அவளோடு பேசவில்லை. பத்து வருஷமாகச் சுமந்த மனுஷர் ஆசையாக ஒன்றைக் காட்டுகிறார், அதை மதிக்கக்கூட இல்லையே. இவளுக்கு இவ்வளவு திமிரா? அரிசி மூட்டையை எடை பார்க்கிற மாதிரி இசையை எடை பார்த்தாளே. ஆட்டோவில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கே.கே. நகரில் ஒரு வளைகாப்புக் கச்சேரி. காலையில் எழுந்ததும் அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டார். நான் தைலத்தை எடுக்க ஓடினேன். அம்மா புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு, பையைத் தோளில் மாட்டினாள், ஸ்டாண்டைக் கையில் எடுத்தாள்.

"வெந்நீர் ஒத்தடம் குடுங்க, சரியாப் போயிடும். சாதம் வடிச்சு வெச்சிருக்கேன்" என்றாள். படியில் அவள் செருப்புச் சத்தம் கடகடவென்று இறங்கிப் போய்விட்டது.

கட்டின புருஷன் வலியில் துடிக்கிறார், இவளுக்குக் கச்சேரி கேட்கிறது. வந்த ஆத்திரத்தில் தைலத்தை அதிகமாகவே தேய்த்துவிட்டேன். அப்பா எழுந்து பால்கனிக்குப் போய், அவள் ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை பார்த்தார். பிறகு வாசலுக்குப் போனார். தண்ணீர்க்காரர் வைத்துவிட்டுப் போன பெரிய கேன் அங்கே இருந்தது. அதை ஒரே மூச்சில் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு சமையலறைக்குக் கொண்டு போனார். இவ்வளவு வலியிலும் வீட்டுக்காக உழைக்கிறாரே என்று, தைல பாட்டிலோடு அவர் பின்னாலேயே போனேன்.

சாயங்காலம் அம்மா திரும்பி வந்ததும், அவள் பையை இறக்கும் முன்பே கேட்டுவிட்டேன்.

"நீ பாட்டுக்குப் போயிட்ட. அவ்ளோ வலியிலயும் அப்பா தண்ணி கேனைத் தனியாத் தூக்கிக்கினு வந்தாரு, தெரியுமா?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்தினார். அவ்வளவுதான், அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். நோயாளியைப் பார்த்து இப்படிச் சிரிக்கிற ஒருத்தியின் வயிற்றிலா பிறந்தோம் என்று, அன்று ராத்திரி நான் சாப்பிடாமலே படுத்துக்கொண்டேன்.